ஏழு நாள், பதினான்கு கோடு: இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனை

ஒரு பக்திப் புத்தகத்துக்குள் வரைபடம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இருக்கிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும், நாளுக்கு இரண்டு கோடு. முதல் நாள் கோடு நீளம். போகப் போகக் குட்டை. செய்த தவறு ஒவ்வொன்றுக்கும் கோட்டில் ஒரு புள்ளி. இந்த நூலுக்குப் போப் மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தது 1548இல். நம்ம ஆபீஸ் பக் சார்ட்டுக்குக் கொள்ளுத்தாத்தா என்று சிரித்துக்கொண்டேன்.

யார் இவர்? ஸ்பெயின் நாட்டுப் போர்வீரர். 1521இல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு கால் உடைந்தது. படுக்கையில் கிடந்தபோது படித்த கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும் அவரைத் திருப்பிவிட்டன. பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கினார். நம் வீரமாமுனிவர் அந்தச் சபைக்காரர்தான்.

அவர் சொல்லும் முறை எளிது. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் இன்று அதில் கவனமாக இருப்பேன் என்று தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, விடிந்ததிலிருந்து மணி மணியாக யோசித்து முதல் கோட்டில் புள்ளிகள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதேபோல இரண்டாம் கோட்டில். இடையில் தவறிய அந்த நொடியிலேயே நெஞ்சில் கை வைத்து வருந்த வேண்டும். கூட்டத்துக்கு நடுவிலும் இதைச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. பிறகு மதியத்தோடு இரவை, நேற்றோடு இன்றை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட வேண்டும்.

ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறவன் நான். ஆனாலும் சட்டென்று குரலை உயர்த்திவிடுவேன். அதையே எடுத்துக்கொண்டேன். இது ஆபீஸ் டென்ஷன் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். முதல் வாரப் புள்ளிகள் வேறு கதை சொல்லின. மதியக் கோட்டில் ஒன்றிரண்டு. இரவுக் கோட்டில்தான் நெரிசல். பையனுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நேரம்!

மூன்றாவது வாரம் புள்ளிகள் நன்றாகக் குறைந்தன. பெருமையாக மனைவியிடம் நோட்டைக் காட்டினேன். "அவன் இப்பல்லாம் உங்ககிட்ட கணக்கு நோட்டே கொண்டு வர்றதில்லையே, கவனிச்சீங்களா?" என்றாள்.

கோபம் குறையவில்லை. பையன் விலகிப் போயிருந்தான்.

திரும்பப் புத்தகத்தை எடுத்தேன். கோடு, புள்ளி என்றதும் பொறியாளர் புத்தி அங்கேயே நின்றுவிட்டது. சில பக்கம் தள்ளி வரும் பொதுவான ஆன்ம சோதனையை நான் கவனிக்கவில்லை. அதில் ஐந்து படிகள்:

1. பெற்ற நன்மைகளுக்குக் கடவுளுக்கு நன்றி.
2. தன் தவறுகளைக் காணும் அருளைக் கேட்பது.
3. எண்ணம், சொல், செயல் என்று நாளைத் திரும்பிப் பார்ப்பது.
4. மன்னிப்புக் கேட்பது.
5. அவர் அருளால் திருந்த உறுதி எடுப்பது.

கணக்குப் பார்ப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. முதலில் நன்றி. இது ஏன் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. 1522இல் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்பத் தோண்டி, உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு அவர் போயிருக்கிறார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் அதிலிருந்து மீண்டார். தவறுகளை மட்டும் எண்ணினால் மனிதன் என்ன ஆவான் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். நானோ எண்ணிக்கை இறங்கியதில் மயங்கிவிட்டேன். இரண்டிலும் பார்வை தன் மேலேயேதான் இருக்கிறது.

இப்போது இரவில் முதலில் நன்றி. பெரும்பாலும் அதில் பையன் வந்துவிடுகிறான். யாருக்காக நன்றி சொன்னோமோ அவன்மேல் கத்தியதை அடுத்து எழுதும்போது அது வெறும் புள்ளியாகத் தெரிவதில்லை. நான்காம் படிக்கு அவன் அறைக்கும் போகிறேன். முதல் தடவை "பரவால்லப்பா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

முயன்று பார்க்க விரும்பினால், ஒரு குறை போதும், ஒரு குட்டி நோட்டு போதும். எக்ஸெல் வேண்டாம்.

நேற்று இரவுக் கோட்டில் எனக்கு இரண்டு புள்ளி. பின்னக் கணக்கு. நோட்டை அவனே கொண்டு வந்தான்.