போனில் வருது, லேப்டாப்பில் வரலை

கீழ் வீட்டு அக்கா டீ போட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார். டீ என்றால் அது வெறும் டீ இல்லை என்பது எனக்குத் தெரியும். போனால், கூடத்து மேஜையில் லேப்டாப் திறந்து கிடக்கிறது. விடுதியிலிருந்து செமஸ்டர் லீவுக்கு வந்திருக்கும் மகள் அதை முறைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அப்பா பால்கனியில், நெட் கம்பெனிக்காரனோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, வைஃபை கனெக்ட் ஆகுது. நெட் மட்டும் வரல. ரவுட்டரை மூணு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு."

ஒரு தடவை அணைத்துப் போடுவது நல்ல வைத்தியம்தான். ரவுட்டரும் ஒரு சின்னக் கணினி. மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடினால் அதற்கும் குழப்பம் வரும். ஆனால் ஒரு தடவையில் தீராதது மூன்றாம் தடவையில் தீர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"உன் போன்ல வருதா?"

"வருதே."

"மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணிட்டுப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வைஃபையில் நெட் இல்லையென்று தெரிந்தால், போன் சத்தமில்லாமல் சிம்முக்குத் தாவிவிடும். நாம் வீட்டு நெட் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். டேட்டாவை அணைத்தாள், அப்போதும் யூடியூப் ஓடியது. ஆக, வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியில் குற்றமில்லை, பால்கனிச் சண்டைக்கும் முகாந்திரமில்லை. போனிலும் வராமல், ரவுட்டர் பெட்டியில் 'லாஸ்' என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்திருந்தால் கதை வேறு. ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்போது லேப்டாப்பை நோண்டிப் பயனில்லை, கம்பெனி ஆள்தான் வர வேண்டும்.

"அப்ப லேப்டாப் ரிப்பேரா மாமா? வைஃபை கோடு முழுசா காட்டுதே."

அந்தக் கோடுகள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: லேப்டாப்புக்கும் அலமாரி மேல் இருக்கும் பெட்டிக்கும் நடுவே ரேடியோ அலை நன்றாக எட்டுகிறது. பெட்டியைத் தாண்டி என்ன நடக்கிறதென்று அவற்றுக்குத் தெரியாது. அலை எட்டி, பாஸ்வேர்டும் பொருந்திய பிறகு இன்னும் இரண்டு காரியம் நடக்க வேண்டும். லேப்டாப்புக்கு ஒரு கதவு எண் கிடைக்க வேண்டும். நாம் தட்டும் தளத்தின் பெயருக்கு உரிய எண்ணும் தெரிய வேண்டும்.

கதவு எண் கொடுப்பது ரவுட்டரின் வேலை. வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு கருவியும் "எனக்கு ஒரு எண் கொடு" என்று கேட்கும், ரவுட்டர் 192.168.1.5, 192.168.1.6 என்று வரிசையாகக் கொடுக்கும். அடுத்த வீட்டு லேப்டாப்புக்கும் இதே எண் இருக்கலாம், சண்டை வராது. 192.168 என்றும் 10 என்றும் தொடங்கும் எண்களையெல்லாம் உள்வீட்டுப் புழக்கத்துக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவை வாசல் தாண்டிச் செல்லாது.

கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடிக்கச் சொன்னேன். 169.254 என்று தொடங்கும் எண் வருமென்று நினைத்தேன். லேப்டாப் எண் கேட்டு, யாரும் பதில் சொல்லாவிட்டால் தானே ஒன்றைச் சூட்டிக்கொள்ளும். அந்த எண் அப்படித்தான் இருக்கும். ஆனால் வந்தது 10 என்று தொடங்கும் எண்.

"இது யார் கொடுத்த நம்பர்?"

கொஞ்சம் யோசித்தாள். "ஹாஸ்டல்ல சேர்ந்தப்ப ஒரு சீனியர் அண்ணா வந்து செட் பண்ணிக் கொடுத்தாங்க. ரூமுக்கு ஒரு நம்பர்."

ஆள் வீட்டுக்கு வந்துவிட்டாள். லேப்டாப் இன்னும் விடுதி அறை எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தத் தெருவில் அந்த எண்ணுக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்டீஸில், ஐபி வெர்ஷன் 4 என்ற வரியைத் திறந்தோம். எதையும் மாற்றுமுன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். லீவு முடிந்து விடுதிக்குப் போனால் இதே எண்கள் திரும்ப வேண்டும். பிறகு, எண்ணைத் தானாகவே பெற்றுக்கொள் என்று மாற்றினாள். 192.168.1.7 வந்தது. அக்கா முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தார்.

தளம் திறக்கவில்லை.

முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே, 'பிங்' போட்டு 8.8.8.8 என்று அடிக்கச் சொன்னேன். கூகுள் நடத்தும் ஒரு கணினியின் எண் அது. அதன் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான் பிங். நான்கு தட்டுக்கும் பதில் வந்தது. ஆகவே வழி திறந்திருக்கிறது. பெயர்தான் எண்ணாக மாறவில்லை. அந்த வேலையைச் செய்வது டிஎன்எஸ். அது வருமுன், இணையத்தின் முன்னோடி வலையில் இருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது; மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகிக் கட்டுக்கடங்காமல் போகவே, 1983-இல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். பழைய கோப்பின் வாரிசாக 'ஹோஸ்ட்ஸ்' என்றொரு கோப்பு இந்த லேப்டாப்பிலும் இருக்கிறது என்றேன். அவள் அதைத் தேடக் கிளம்பினாள். பிறகு தேடலாம் என்று தடுத்தேன்.

அந்த ப்ராப்பர்டீஸ் பக்கம் இரண்டு பகுதியாக இருக்கும். மேல் பகுதியில் கதவு எண்; கீழ்ப் பகுதியில் டிஎன்எஸ். மேலே மாற்றினால் கீழே தானாக மாறாது. விடுதியின் டிஎன்எஸ் எண் அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது. எழுபது வயது அனுபவஸ்தன் போல விளக்கிக்கொண்டிருந்த நானும் அந்தக் கீழ்ப் பாதியைக் கவனிக்கவில்லை.

அதையும் மாற்றினாள். கல்லூரிப் பக்கம் திறந்தது, மதிப்பெண் பட்டியலுக்குரிய இணைப்பை அழுத்தினாள். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வைஃபை கோடுகளே மறைந்துபோயின.

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் அலமாரிப் பக்கம் திரும்பினோம். காதில் போனோடு, பெட்டியின் சுவிட்சில் விரலை வைத்தபடி அவள் அப்பா நின்றிருந்தார்.

"கஸ்டமர் கேர்ல ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றாங்க."