மூன்றாண்டுத் தவணை

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புக் கடனுக்காக வங்கிப் படி ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. மேலாளர் நம் நிலத்தையும் நாணயத்தையும் புரிந்துகொள்ளும் வேளையில் அவருக்கு மாற்றல் வந்துவிடும். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஆளை மாற்றும் இந்த வழக்கம், விடுதலைக்கு முன்பே நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகளில் இருந்தது. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட கடைகள். முதலாளி செட்டிநாட்டில், கடை ஐராவதிக் கரையில். எதை நம்பிப் பெட்டிச் சாவியைக் கொடுப்பது?

அதற்குத்தான் சம்பளச் சீட்டு. கடையை நடத்தப் போகிற மேலாளுக்கு மூன்றாண்டுத் தவணை. மொத்தச் சம்பளத்தையும் பேசி எழுதி, ஒரு பகுதியைக் கப்பலேறும் முன்பே கொடுத்துவிடுவார்கள். ஊரிலேயே தங்கிவிடும் குடும்பத்துக்கு அது கைகொடுக்கும். அங்கே சாப்பாடும் ஜாகையும் கடைச் செலவு. லாபம் வந்தால் அதிலும் ஒரு பங்கு. வீட்டுக் கவலையோடு ஒருவன் பணப்பெட்டியருகே உட்காரக் கூடாது என்று அவர்கள் நினைத்ததாகவே எனக்குப் படுகிறது.

மேலாளுக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன், மீசை அரும்பாத வயது. கடையைக் கூட்டி, தரையில் பாய் விரித்து, சாய்வு மூடி போட்ட கைப்பெட்டியைத் துடைத்து வைப்பான். பகலெல்லாம் எடுபிடி வேலை. ஊருக்குப் போகும் கடிதத்தை நகலெடுக்கும்போதும், பேரேட்டைப் புரட்டிக் கொடுக்கும்போதும் தொழில் கண்வழியே உள்ளே இறங்கும். வட்டியை மனக்கணக்காகச் சொல்லத் தேறியவன் ஒருநாள் அடுத்தாள் ஆவான், பின்னர் மேலாளும் ஆவான்.

இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது கடை மாற்றிக் கொடுக்கும் முறையை. புது மேலாள் வந்ததும் பழையவர் பெட்டி கட்டிவிட மாட்டார். இருவரும் சேர்ந்து பாக்கிகளைப் பார்ப்பார்கள், பழையவர் கடன்காரர்களை அறிமுகப்படுத்துவார், எது வரும், எது வராது என்று பேசித் தீர்த்த பிறகுதான் சாவி கைமாறும்.

கட்டுப்பாடு கடைக்குள் இருந்ததே தவிர, பர்மிய உழவனைக் காக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் அடமான நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. 1938இல் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. அந்தக் கசப்பை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்தச் சாவி கைமாறும் முறை நமக்கு வேண்டும். கள்ளக்குறிச்சியிலோ கல்வராயன் மலையடிவாரத்திலோ ஒரு கிளைக்குப் புது மேலாளர் வரும்போது, பழையவரும் புதியவரும் ஒரு வாரமாவது சேர்ந்து உட்காரட்டும். கடன் வாங்கியவரின் முகத்தைப் பழையவரே காட்டிக் கொடுக்கட்டும்.