உப்பின் மேல் ஒரு சொட்டுக் கஞ்சி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் வண்டியின் வேகத்தைக் குறைப்பார்கள். பாத்தி பாத்தியாக வெயிலில் மின்னும் தண்ணீர், வரப்பில் வாரிக் குவித்த உப்பு, ஓலை மூடிய அம்பாரங்கள். சிலர் இறங்கி ஒரு பை கல்லுப்பு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள். "கடல் உப்பு, இதிலேயே எல்லாச் சத்தும் இருக்கு" என்ற பேச்சும் அந்தப் பையோடு வீட்டுக்கு வந்துவிடும்.

நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். அந்தப் பேச்சை நம்பியும் இருக்கிறேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் நம்பிக்கை ஆட்டம் கண்டது.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். தண்ணீர் முழுக்க வற்றி, இருந்த அயோடின் அத்தனையும் உப்பிலேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் கிராமுக்கு 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. உண்மையில் அவ்வளவும் தங்குவதில்லை. சோடியம் குளோரைடு படிகம் கட்டும்போது அயோடினைத் தன் அடுக்குக்குள் சேர்ப்பதில்லை. பெரும்பகுதி, உப்பு வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது, அதாவது 15 பிபிஎம், இருக்க வேண்டும் என்பது விதி. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. வெறும் கடல் உப்பை நம்பினால் இந்தக் கணக்கு எந்த நாளும் நேராகாது.

வெயிலில் நின்று உப்பு வாருகிற கைகளின் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. கடலே அவ்வளவுதான் கொடுக்கிறது. மீதியை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தது இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதில் நாம் பின்தங்கியிருக்கிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 2018-19இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் நாம் கடைசி. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கும் மாநிலத்தின் நிலை இது.

உப்பில் அயோடின் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் நாம் எல்லோரும் செய்த சோதனை போதும். வெள்ளை ஓட்டின் மேல் வரிசையாக அயோடின் சொட்டுகள் வைத்து, எச்சில் கலந்த கஞ்சியை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு சொட்டிலும் விட்டுப் பார்ப்போமே, அதுதான். முதல் சொட்டு கருநீலம். அடுத்தடுத்தவை ஊதா, பழுப்பு. கடைசியில் அயோடின் தன் மஞ்சளோடு அப்படியே நிற்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தைத் தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். அமைலோஸ் என்ற மாவுச்சத்து இழை சுருள்சுருளாக இருக்கும். அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்காரும்போது பிறக்கும் நிறம்தான் அந்த நீலம். கடற்பாசிச் சாம்பலிலிருந்து பிரெஞ்சு வேதியியலர் குர்ட்வா அயோடினைக் கண்டெடுத்தது 1811இல். மூன்றே ஆண்டுகளில் இந்த நீலமும் பதிவாகிவிட்டது.

பள்ளியில் அயோடினை வைத்து மாவுச்சத்தைத் தேடினோம். உப்பில் மாவுச்சத்தை வைத்து அயோடினைத் தேடுகிறோம். ஆனால் ஒரு சின்னச் சிக்கல். நம் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். நம் ஊர்ப் புழுக்கத்தில் அயோடைடு சீக்கிரம் பறந்துவிடும், அயோடேட் தாக்குப்பிடிக்கும் என்பதால்தான் இந்தத் தேர்வு. அயோடேட்டின் மேல் வெறும் கஞ்சியை விட்டால் நிறம் வராது. கொஞ்சம் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் கூட இருந்தால் அயோடின் விடுபடும், உடனே நீலம். இவற்றையெல்லாம் ஒரு சிறு குப்பியில் அடைத்ததுதான் களப் பரிசோதனைக் கிட். உலகின் பல நாடுகளில் வீடு வீடாக உப்பைச் சோதிக்கப் பயன்பட்ட எம்பிஐ கிட் நம் சென்னையில் தயாரானது. அந்தக் கிட் இங்கிருந்து அவ்வளவு தூரம் போயிருக்கிறது; நம் சமையலறைகளுக்குள் ஏன் வரவில்லை?

கிட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அயோடின் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் அது நம்பகமாகச் சொல்லும். நீலத்தின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட்டு 15ஆ 30ஆ என்று முடிவு செய்தால் கண் ஏமாற்றிவிடும். அளவு தெரிய வேண்டுமென்றால் தரம்பார்த்தல்தான் வழி.

கல்லுப்பில் அயோடேட் கரைசலை மேலே தெளித்துத்தான் கலக்கிறார்கள். அது ஒரு கல்லில் கூடும், ஒரு கல்லில் குறையும். ஈரம் கசிந்தால் மூட்டையின் அடிக்கு இறங்கிவிடும். அதனால் தரம்பார்க்கும் முன் உப்பை நன்றாக இடித்துக் கலக்க வேண்டும். 10 கிராம் எடுத்து 50 மில்லி தண்ணீரில் கரைத்து, நீர்த்த கந்தக அமிலம் ஒரு மில்லி, பத்து சதவீதப் பொட்டாசியம் அயோடைடு கரைசல் 5 மில்லி. கரைசல் மஞ்சளாகும். மூடி, பத்து நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் அயோடைடிலிருந்தே அயோடின் கிளம்பிக் கணக்கைக் கெடுக்கும். பிறகு பியூரெட்டிலிருந்து 0.005 நார்மல் சோடியம் தயோசல்பேட் சொட்டுச் சொட்டாக. மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகுதான் கஞ்சியை விட வேண்டும். அவசரப்பட்டு முன்பே விட்டால் சுருளுக்குள் புகுந்த அயோடின் எளிதில் வெளியே வராது. கஞ்சி விட்டதும் குடுவை முழுக்கக் கருநீலம். மீண்டும் சொட்டுகள். ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறையும். அந்த இடத்தில் பியூரெட்டைப் படித்து 10.58ஆல் பெருக்கினால் பிபிஎம் கிடைத்துவிடும். அந்த ஒரு சொட்டுக்காகக் குடுவையை ஆட்டிக்கொண்டு காத்திருக்கும் மாணவியின் முகத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்கு, அறிவியல் எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று தெரியும்.

உப்பில் இருந்தது உடம்புக்குள் போனதா என்று பார்க்க இன்னொரு சோதனை. நாம் உண்ணும் அயோடினில் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில் போய்விடுகிறது; அதனால் சிறுநீரைத்தான் சோதிக்கிறார்கள். சீரியம் உப்பின் மஞ்சள் நிறத்தை ஆர்சனிக் சேர்மம் மெல்ல வெளுக்கச் செய்யும். அயோடின் துளி இருந்தால் அந்த வெளுப்பு விரைவுபடும். எவ்வளவு வேகமோ அவ்வளவு அயோடின். சாண்டெல், கோல்டாஃப் இருவரும் 1930களில் சொன்ன வினை. ஆர்சனிக் இருப்பதால் இது பள்ளிக்கு ஆகாது; தேர்ந்த ஆய்வகத்தில் மட்டும்.

இத்தனை பாடும் எதற்கு? தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நான்கு அயோடின் அணு வேண்டும். கிடைக்காவிட்டால் கழுத்தில் கழலை கட்டும். அது கண்ணுக்குத் தெரியும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குறைவது தெரியாது. 1956 முதல் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கழலை குறைந்தது. 1962இல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் இல்லாத உப்பை உண்பதற்கு விற்கக் கூடாது என்ற தடை 1998இல் வந்து, 2000இல் விலகி, 2006இல் திரும்பியது.

கருவாட்டுக்கும் தோல் பதனிடவும் போகிற உப்புக்கு அயோடின் தேவையில்லை. அந்த மூட்டையிலிருந்து ஒரு படி அடுப்பங்கரைக்கு வந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இரண்டும் ஒரே வெள்ளை.

ஐப்பசி மழையில் மரக்காணத்துப் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும். உப்பு வேலை நிற்கும். பள்ளிகள் நடக்கும். பியூரெட், தயோசல்பேட், கஞ்சி எல்லாம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்துக்குப் புதியவை அல்ல. உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டு உப்பில் ஒரு கைப்பிடி பொட்டலம் கட்டி எடுத்து வரட்டும். 1.4 மில்லி தயோசல்பேட் இறங்குவதற்குள் நீலம் மறைந்துவிட்டால், அந்த வீட்டு உப்பு 15 பிபிஎம்மைத் தொடவில்லை.