ஹைபிரிட் காரின் சின்னப் பற்றரி

நள்ளிரவு. சிலாபத்துறைப் பக்கத்தில் இருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஒரு கர்ப்பிணித் தாயைக் கொண்டுபோகவேண்டும். வாசலில் ஹைபிரிட் கார் நிற்கிறது, பெற்றோலும் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் விளக்குகள் மங்கலாக மினுங்குகின்றன, கார் அசையவில்லை. மறுநாள் ஒருவர் வந்து, "பெரிய பற்றரி முடிந்துவிட்டது, இலட்சக்கணக்கில் செலவாகும்" என்கிறார். நகையை அடகு வைப்பதா, காணியை விற்பதா என்று வீட்டில் பேச்சு எழுகிறது. அதற்கு முன் சின்னப் பற்றரியைச் சோதியுங்கள்.

ஹைபிரிட் காரில் இரண்டு பற்றரிகள் உண்டு. பெரியது காரை ஓட்ட உதவுவது. பிரியஸ் கார்கள் பலவற்றில் அது 201.6 வோல்ற். மற்றது 12 வோல்ற் சின்னப் பற்றரி. கணினிகளை எழுப்பி, பெரிய பற்றரியின் மின்சாரத்தைத் திறந்துவிடுவது அதுவே. கட்டுக்கரைக்குளம் நிறைந்திருந்தாலும் துருசு திறக்காவிட்டால் வயலுக்குத் தண்ணீர் வராது. சின்னப் பற்றரிதான் அந்தத் துருசைத் திறப்பவர்.

அது பலவீனப்படுவது ஏன்? கார் சும்மா நின்றாலும் பூட்டும் கணினிகளும் சிறிது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது நாட்கணக்கில் ஓடாமல் நின்ற கார்களுக்கு இதுவே ஆபத்து. நமது கரையோர வெக்கை பற்றரியின் ஆயுளைக் குறைக்கும். உப்புக்காற்று முனைகளை அரிக்கும்.

சோதிப்பது எப்படி? சில மணிநேரம் நின்ற காரில் மீற்றரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற் அளவில் இருந்தால் நிறைவு. 12க்குக் கீழே என்றால் மிகவும் இறங்கிவிட்டது. 'ரெடி' விளக்கு எரியும்போது ஏறத்தாழ 14 வோல்ற் காட்டவேண்டும். காட்டாவிட்டால், அதற்கு மின் ஊட்டும் பகுதியில் பழுது இருக்கலாம்; தெரிந்தவரிடம் காட்டுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றியும் மறுநாளே இறங்கினால், பற்றரி பழுதாகியிருக்கலாம், அல்லது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது.

அவசரத்திற்கு வேறொரு 12 வோல்ற் பற்றரியால் உயிர்ப்பிக்கலாம். இந்தப் பற்றரி எஞ்சினைச் சுற்றவேண்டியதில்லை. ஆகவே சிறிய பற்றரியே போதும். 24 வோல்ற் லொறி, பஸ் பற்றரியைத் தொடுக்கவே கூடாது. உதவும் வாகனத்தின் எஞ்சினை நிறுத்துங்கள். சிவப்பு வயரால் பிளஸ் முனைகள் இரண்டையும் இணையுங்கள். கறுப்பு வயரின் ஒரு நுனி நல்ல பற்றரியின் மைனஸில். மறுநுனி கடைசியாக, நின்றுபோன காரின் பெயின்ற் இல்லாத இரும்பில். பல பிரியஸ் கார்களில் பற்றரி பின்னால் இருந்தாலும், பொனற்றுக்குள் ஃபியூஸ் பெட்டியில் இதற்கென ஒரு பிளஸ் முனை உண்டு. 'ரெடி' எரிந்ததும் வயர்களை எதிர்வரிசையில் கழற்றி, ஒரு மணிநேரமாவது ஓடவிடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் விலையுயர்ந்த பகுதிகள் எரிந்துபோகும். செம்மஞ்சள் வயர்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் செல்கிறது.

புதியது வாங்கும்போதும் கவனம் தேவை. காருக்குள் இருக்கும் பற்றரி, வாயுவை வெளியேற்றும் குழாய் பொருந்தக்கூடிய, மூடிய வகையாக இருக்கவேண்டும். மலிவென்று தண்ணீர் ஊற்றும் பற்றரியை வைத்தால் வாயு உள்ளேயே தேங்கி வெடிக்கக்கூடும்.

கார் ஓட்டமில்லாது நின்றால், கிழமைக்கு ஒருமுறையாவது வெளியிடத்தில் ஒரு மணிநேரம் 'ரெடி'யில் விடுங்கள். எஞ்சின் தானாக இயங்கும். ஆகவே மூடிய கொட்டகைக்குள் வேண்டாம், ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். 'ரெடி' இல்லாமல் வானொலி மட்டும் போட்டு வைத்தால் பற்றரி இறங்கும்.

1990களில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். சிறு மின்சாரத்தின் அருமை நமக்குத் தெரியும். ஒரு மீற்றரும் ஒரு சோடி நல்ல வயரும் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தால் ஊர் முழுவதற்கும் உதவும். அவற்றைப் பாவிக்கத் தெரிந்த இருவரும் இருந்தால், ஆஸ்பத்திரிப் பயணமும் தடைப்படாது. காணியும் கைவிட்டுப் போகாது.