திருவண்ணாமலை மாடியில் சுழலும் டிஷ்

திருவண்ணாமலையில் மொட்டை மாடியில் பெரிய டிஷ் வைக்க நினைப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, "மலை மறைக்காதா?" என்பதுதான். மறைக்காது. கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயர்ந்த அண்ணாமலை ஊருக்கு மேற்கே நிற்கிறது. நமக்கு வேண்டிய செயற்கைக்கோள்களோ தெற்கு வானில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கின்றன. மேற்கே சற்றுத் தள்ளி, 66 டிகிரி கிழக்கில் இருக்கும் இன்டெல்சாட்டைப் பிடிக்கக்கூட டிஷ் அடிவானத்திலிருந்து 69 டிகிரி நிமிர்ந்தாக வேண்டும். மலையின் உச்சி அவ்வளவு உயரத்துக்கு வருவதில்லை. 217 அடி ராஜகோபுரமும், அதை ஒட்டியே வீடு இருந்தாலொழிய, குறுக்கே வராது.

சிக்கல் இருப்பது மலையில் அல்ல, ஊரின் அட்சரேகையில். திருவண்ணாமலை வடக்கு 12.2 டிகிரியிலும் கிழக்கு 79 டிகிரியிலும் இருக்கிறது. 78.5 டிகிரி கிழக்கில் உள்ள தாய்காம் செயற்கைக்கோள் இந்த ஊருக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கு. அதன் உயரம் 75 டிகிரிக்கும் மேல். டெல்லியில் நேர் தெற்கே இருக்கும் செயற்கைக்கோளுக்கு 57 டிகிரி போதும். ஐரோப்பாவில் இன்னும் தாழ்வு. மோட்டார் டிஷ் சாதனங்களில் பல அந்தத் தாழ்ந்த வானத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதனால் இங்கே பொருள் வாங்குபவர் கடைக்காரர் காட்டும் பெட்டியிலிருந்து தொடங்கக் கூடாது. தன் ஊரின் வானத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், மோட்டார் உண்மையில் தேவையா என்று யோசிப்பது நல்லது. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் மட்டும் போதுமென்றால் 93.5 டிகிரி ஜிசாட்-15 பக்கம் ஒரு சிறிய டிஷ்ஷைத் திருப்பி முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. 91.5, 93.5 போல அருகருகே இருக்கும் இரண்டு இடங்களுக்கு ஒரே டிஷ்ஷில் இரண்டு எல்என்பி (டிஷ் குவிக்கும் அலையை வாங்கும் கருவி) பொருத்தி, ஒரு ஸ்விட்ச் வழியாக இணைத்துக்கொள்ளலாம். 66, 68.5, 78.5, 83, 93.5, 100.5, 105.5 என்று வானம் முழுக்கத் துழாவிப் பார்க்கும் ஆசை உள்ளவருக்குத்தான் மோட்டார். அப்போதும் கட்டணமில்லாத சேனல்கள் மட்டுமே தெரியும். பூட்டிய சேனலை எந்த மோட்டாரும் திறக்காது. சந்தா கட்டும் டிடிஎச் பெட்டியும் இதற்கு உதவாது. அது தன் நிறுவனத்தின் செயற்கைக்கோளை மட்டும் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. தனியாக ஒரு ஃப்ரீ-டு-ஏர் ரிசீவர் வேண்டும்.

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கம்பத்துக்கும் டிஷ்ஷுக்கும் நடுவே உட்காரும் சிறிய மோட்டார். ரிசீவரிலிருந்து வரும் அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் எடுத்துக்கொண்டு திரும்பும். குறுகிய அலைகளான கேயு பேண்டுக்குரிய, ஏறத்தாழ 1.2 மீட்டர் வரையுள்ள டிஷ்களுக்கு இது சரி. ஆனால் அதன் பக்கவாட்டில் பொறித்திருக்கும் அட்சரேகை அளவுகோலைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 20 டிகிரியில் தொடங்கும் அளவுகோல் உள்ள மோட்டாரை 12 டிகிரியில் இருக்கும் இந்த ஊரில் ஒழுங்காக நிறுத்த முடியாது.

மற்றொன்று, ஆக்சுவேட்டர் எனப்படும் நீளும் கை. 36 வோல்ட்டில் ஓடும். அதைவிட நீண்ட அலைகளான சி பேண்டுக்கு ஆறு அடி, எட்டு அடி டிஷ் தேவைப்படுவதால் அங்கே இதுதான் வழி. திருவண்ணாமலையிலிருந்து 66 முதல் 105.5 வரை போய்வர டிஷ் சுமார் 46 டிகிரி திரும்பினால் போதும் என்பதால், ஆக நீளமான கையைத் தேடி அலைய வேண்டாம்.

ரிசீவரும் மோட்டாரும் ஒரே மொழி பேச வேண்டும். யூடெல்சாட் உருவாக்கிய டைசெக் என்ற கட்டளை முறைதான் அந்த மொழி. இதில் 1.0 என்பது எல்என்பிகளுக்கு இடையே மாற மட்டுமே. மோட்டாரைத் திருப்ப 1.2 வேண்டும். 'டைசெக் உண்டு' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ரிசீவரில் யூசல்ஸ் வசதியும் இருந்தால், ஊரின் அட்ச, தீர்க்க ரேகைகளைக் கொடுத்ததும் ஒவ்வொரு செயற்கைக்கோளின் இடத்தையும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். ஆக்சுவேட்டருக்கு டைசெக் நேரடியாகப் புரியாது. நடுவில் வி-பாக்ஸ் எனும் பெட்டி இருந்து, கட்டளையை வாங்கி 36 வோல்ட் மின்சாரமாக மாற்றித் தரும். கை எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணிச் சொல்லும் உணரிக்கும் தனி ஒயர் இழுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் டிஷ் எங்கே நிற்கிறதென்று பெட்டிக்குத் தெரியாது.

பழைய கம்பி வலை டிஷ் மலிவாகக் கிடைக்கலாம். சி பேண்ட் அலையின் நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர் என்பதால் வலையின் ஓட்டைகள் அதற்குப் பொருட்டல்ல. இரண்டரை சென்டிமீட்டர் அளவே உள்ள கேயு அலைக்கு அதே ஓட்டைகள் பெரிய இழப்பு. தவிர, எட்டு அடி டிஷ்ஷில் சி பேண்ட் சுமார் இரண்டு டிகிரி அகலத்துக்குத் தெரியும். கேயு முக்கால் டிகிரிக்குள் சுருங்கிவிடும். ஆக்சுவேட்டர் கையில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் படம் போய்விடும். எல்என்பியை மாற்றினால் ரிசீவரிலும் அதன் உள் அதிர்வெண்ணை மாற்ற வேண்டும்: சி பேண்டுக்கு 5150, யுனிவர்சல் கேயுவுக்கு 9750, 10600.

இத்தனையும் பொருந்தினாலும் கம்பம் சாய்ந்திருந்தால் வீண். ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்திய பின், சரியான வடக்கு-தெற்குக் கோடு வேண்டும். திசைகாட்டி இரும்புக் கம்பிகளுக்கு அருகில் தடுமாறும். தூக்குகுண்டின் நிழல் தடுமாறாது. திருவண்ணாமலையில் சூரியன் நடுவானைக் கடப்பது சராசரியாகப் பகல் 12 மணி 14 நிமிடத்துக்கு. நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்குச் சற்று முன்பாகவும், பிப்ரவரி நடுவில் 12.28க்கும் நிகழும். அந்த நேரத்து நிழலைச் சுண்ணாம்பால் தரையில் கோடிழுத்துக்கொண்டால் போதும். டிஷ்ஷின் சுழல் அச்சு அந்தக் கோட்டோடு அமைந்து, வடக்கு முனை 12.2 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். டிஷ் அதற்கு மேல் தெற்கே சுமார் 2 டிகிரி சாய வேண்டும்.

டிஷ் தேடும் செயற்கைக்கோள்கள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலே ஒரே வளையத்தில் நிற்கின்றன. அந்த வளையத்தை 1945இல் கட்டுரையாக எழுதி விளக்கிய ஆர்தர் சி. கிளார்க் பின்னாளில் இலங்கையிலேயே குடியேறினார். இந்திய கிராமங்களுக்கு வானிலிருந்து தொலைக்காட்சி அனுப்பிய 1975ஆம் ஆண்டின் சைட் சோதனையின்போது, கொழும்பில் அவர் வீட்டிலேயே இஸ்ரோ பொறியாளர்கள் ஒரு டிஷ் நிறுவிக் கொடுத்தார்கள். வானில் கண்ணுக்குத் தெரியாத அந்த வளையத்தைத் திருவண்ணாமலைக்காரர்கள் ஆண்டுக்கு இருமுறை சூரியனைக் கொண்டே பார்த்துவிடலாம். மார்ச் 15, செப்டம்பர் 28 ஆகிய நாள்களை ஒட்டிச் சூரியன் ஏறக்குறைய அதே பாதையில் போகிறது. அன்று வட்டமான வலை டிஷ்ஷைச் சூரியனோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே வந்தால், எல்என்பியின் நிழல் எப்போதும் டிஷ்ஷின் நடுவிலேயே விழ வேண்டும். விலகினால் அச்சைத் திருத்தலாம். பளபளப்பான தகட்டு டிஷ்ஷில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. குவியும் வெயிலில் எல்என்பி உருகிவிடும்.

இவ்வளவு நிமிர்ந்து நிற்கும் தகட்டு டிஷ்ஷில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்கும். அடிப்பகுதியில் ஒரு சிறு துளை போட வேண்டும். மலையடிவாரத்துக் குரங்குகள் தொங்கும் ஒயரை விட்டுவைப்பதில்லை என்பதால், டிஷ் திரும்பத் தேவையான தளர்வை மட்டும் விட்டு மற்றதைக் குழாய்க்குள் அடக்குவது நல்லது. கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் சிறிய மோட்டாருக்கு, செம்பு பூசிய இரும்புக் கம்பி அல்லாமல் முழுச் செம்புக் கம்பி உள்ள ஆர்ஜி-6 கேபிளைக் கேட்டு வாங்க வேண்டும். கீழ்வீட்டிலிருந்து மூன்றாம் மாடி வரை போகும் நீளத்தில் வோல்ட் குறைந்து மோட்டார் பாதியில் நின்றுபோவதற்கு இரும்புக் கம்பி உள்ள கேபிள்தான் பல வீடுகளில் காரணம்.