சிக்கமகளூரு: காபிக் காலண்டரோடு ஒரு மலைப்பயணம்

கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் அமைந்த மாவட்டத் தலைநகரம் சிக்கமகளூரு. நகருக்கு வடக்கே சந்திரத்ரோண மலைத்தொடர் பிறைபோல் வளைந்து கிடக்கிறது. தெற்கிலும் மேற்கிலும் காபித் தோட்டங்கள். சிருங்கேரி சாரதாம்பாள், ஹொரநாடு அன்னபூரணி கோயில்களுக்குப் போய்வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மாவட்டம் புதிதல்ல. இன்று இங்கு வருபவர்களில் பெரும்பாலோர் தேடிவருவது காபியையும் மலையேற்றத்தையும்தான். இரண்டையும் ஆட்டிவைப்பது மழை. அதனால் எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பொறுத்தே இங்கு காண்பதும் செய்வதும் அமையும்.

காபி வந்த கதை

17ஆம் நூற்றாண்டில் ஹஜ் யாத்திரை சென்ற பாபா புடன் என்ற சூஃபித் துறவி, ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காபி விதைகளை மறைத்துக் கொண்டுவந்து இந்த மலையில் ஊன்றினார் என்பது மரபுச் செய்தி. முளைக்கக்கூடிய விதை அரபு நாட்டை விட்டு வெளியே போகாமல் வணிகர்கள் காத்துவந்த காலம் அது. அவர் பெயரால் வழங்கும் பாபா புடன்கிரியில் உள்ள குகைத் தலத்துக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் வழிபட வருகிறார்கள்.

வீட்டுக் கொல்லையில் வளர்ந்த செடி பெருந்தோட்டப் பயிரானது ஆங்கிலேயர் காலத்தில். 1830 வாக்கில் தாமஸ் கேனன் என்பவர் சிக்கமகளூருவுக்கு அருகே தோட்டம் போட்டார். மற்ற ஐரோப்பியர்களும் உள்ளூர் நிலக்கிழார்களும் தொடர்ந்தார்கள். தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இன்றும் இங்கு உண்டு. 1925இல் பாலெஹொன்னூரில் மைசூர் அரசு தொடங்கிய காபி ஆய்வுப் பண்ணை, பின்னர் மத்திய காபி ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. அங்கு உருவான ‘எஸ்.795’ என்ற அராபிகா ரகம் தென்னிந்தியத் தோட்டங்களில் பரவலாக நிற்கிறது. 2019இல் சிக்கமகளூர் அராபிகா, பாபா புடன்கிரி அராபிகா இரண்டும் புவிசார் குறியீடு பெற்றன.

காபி குடிக்கும் பழக்கத்தை இந்திய நகரங்களில் பரப்பியதில் மும்பைக்கும் பங்கு உண்டு. காபி வரிக் குழு 1936இல் முதல் இந்தியா காபி ஹவுஸைத் திறந்தது சர்ச்கேட்டில்தான். சிக்கமகளூருத் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்த வி.ஜி.சித்தார்த்தா, 1996இல் பெங்களூரு பிரிகேட் சாலையில் முதல் கஃபே காபி டே கடையைத் தொடங்கினார். குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டங்களைக் கொண்ட கர்நாடகம்தான் இன்று நாட்டின் காபியில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தருகிறது.

தோட்டத்தின் ஆண்டு

இந்தியக் காபி நிழலில் வளர்வது. சில்வர் ஓக், பலா, காட்டு மரங்கள் மேலே குடை பிடிக்க, அவற்றின் தண்டில் மிளகுக்கொடி ஏறியிருக்க, இடையில் காபிச் செடி நிற்கும். உயரமான சரிவுகளில் அராபிகாவும் தாழ்ந்த இடங்களில் ரொபஸ்டாவும் விளைகின்றன. அராபிகா மென்மையும் நறுமணமும் உடையது. தண்டுத் துளைப்பான் வண்டுக்கு எளிதில் இரையாவது. ரொபஸ்டா திடமும் கசப்பும் கூடியது, நோயைத் தாங்குவது.

பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் ஒரு நல்ல மழை விழ வேண்டும். அதைப் பூமழை என்பார்கள். அதுவரை உறங்கிக் கிடக்கும் மொட்டுகள், மழை பெய்து ஒரு வாரம் பத்து நாளில் ஒரே சமயத்தில் விரிந்து தோட்டத்தையே வெண்மையாக்கும். மல்லிகையை நினைவூட்டும் அந்த மணம் இரண்டு மூன்று நாளோடு சரி. மழை ஏமாற்றினால், வசதியுள்ளவர்கள் தெளிப்பான் வைத்துப் பூக்க வைப்பார்கள்.

அராபிகா பழுக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும். ரொபஸ்டாவுக்கு இன்னும் கூடுதல். நவம்பரில் தொடங்கும் அறுவடை பிப்ரவரி, மார்ச் வரை நீளும். ஒரே கிளையில் காயும் பழமும் கலந்திருப்பதால், பழுத்ததை மட்டும் கையால் பறிக்க வேண்டும். ஒரே செடிக்குப் பல முறை திரும்பி வர வேண்டும். பறித்த பழத்தைப் பல்பரில் இட்டுத் தோல் நீக்கி, கொழகொழப்புப் போகப் புளிக்கவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்தினால் கிடைப்பது பார்ச்மென்ட். பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்தால் செர்ரி. மும்பை மாட்டுங்காவின் காபித்தூள் கடைகளில் கேட்டு வாங்கும் ‘பிளான்டேஷன் ஏ’, கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பெரிய கொட்டை. வழக்கமாக ஒரு பழத்தில் இரண்டு கொட்டை இருக்கும். ஒன்று மட்டும் உருண்டையாகத் திரண்டால் அது ‘பீபெரி’. கொட்டையை அரைத்த பிறகு விருப்பப்படி சேர்ப்பது சிக்கரி. தோட்டத்து ஹோம்ஸ்டேக்கள் பலவற்றில் பறிப்பு முதல் வறுப்பு வரை விளக்கிக் காட்டுகிறார்கள். காலையில் அக்கி ரொட்டியும் கடுபும் கிடைக்கும்.

சிகரங்களும் ஆறுகளும்

கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரம் முல்லையனகிரி. உயரம் 1,930 மீட்டர். உச்சிக்கு அருகே வரை சாலை உண்டு; பிறகு படியேற்றம். நடக்க விரும்புவோர் சர்ப்பதாரியிலிருந்து புல்வெளி முகட்டு வழியே ஏறுகிறார்கள். உச்சியில் ஒரு சிறு சிவன் கோயில். வடக்கே மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கோடைக்குத் தங்கிய கெம்மண்ணுகுண்டி. அதையொட்டி 168 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டு கட்டமாக விழும் ஹெப்பே அருவி.

கடினமான நடை வேண்டுவோர்க்கு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் 1,894 மீட்டர் உயரக் குதிரேமுக். போய்த் திரும்ப ஒரு முழுப் பகல் தேவை. இங்கு பல்லாண்டு நடந்த இரும்புத்தாதுச் சுரங்கம் உச்ச நீதிமன்ற ஆணையால் 2005 இறுதியில் நின்றது. இன்று தேசியப் பூங்காவாக இருக்கும் இந்த மலையில் துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் பிறக்கின்றன. மழைக்காலத்தில் பத்ரா பெருகும்போது ரப்பர் படகில் சுழல்நீரைக் கடக்கும் ராஃப்டிங் நடக்கிறது. அதே ஆற்றின் பெயரால் அமைந்த பத்ரா வனப்பகுதி 1998 முதல் புலிகள் காப்பகம்; வனத்துறை வழியாக ஜீப்பிலும், லக்கவள்ளி நீர்த்தேக்கத்தில் படகிலும் பார்க்கலாம்.

கட்டுப்பாடுகளும் எச்சரிக்கைகளும்

விடுமுறை நாட்களில் வாகனங்கள் மலையேறிக் குவிந்ததால், முல்லையனகிரிப் பகுதிக்கு ஆன்லைனில் முன்பதிவு செய்து, ஒதுக்கிய நேரத்தில்தான் வண்டி செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு வந்துள்ளது. குதிரேமுக் ஏறவும் வனத்துறையின் இணையதளத்தில் அனுமதி பெற வேண்டும்; ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. கோடையில் காட்டுத்தீ அபாயத்தாலும், கடும் மழையில் நிலச்சரிவு அபாயத்தாலும் பாதைகள் மூடப்படும். மழையில் அட்டைக் கடி இருக்கும். தொந்தரவே தவிர ஆபத்தில்லை. வறண்ட மாதங்களில் உண்ணிகளால் பரவும் குரங்குக் காய்ச்சல் மலைநாட்டில் தலைகாட்டுவதால், காட்டில் முழுக்கை, முழுக்கால் உடை அணிவது நல்லது. மூடிகெரே பக்கத் தோட்டங்களில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டிய பின் தனியே நடப்பது தவறு.

மும்பையிலிருந்து

தாதரிலிருந்து ஹூப்ளி, பெங்களூரு வழியாகத் திருநெல்வேலி செல்லும் சாளுக்யா எக்ஸ்பிரஸ், தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தென்மாவட்டக் குடும்பங்கள் ஊருக்குப் போகப் பழகிய வண்டி. அது கடந்துபோகும் பீரூர், கடூர் பகுதிதான் சிக்கமகளூருவுக்கு ரயில்வாசல். கடூரிலிருந்து நகரம் சுமார் 40 கிலோமீட்டர். எந்த வண்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்று பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். இல்லையெனில் கொங்கண் ரயிலில் மங்களூரு சென்று, சார்மாடி மலைச்சாலை வழியே சுமார் 150 கிலோமீட்டர் ஏறலாம். கனமழையில் அந்தச் சாலை சில நேரம் மூடப்படும்.

மும்பைப் பள்ளிகளின் கோடை விடுமுறையான ஏப்ரல் பிற்பகுதியிலும் மே மாதத்திலும் வருபவர்களுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் பூவும் இல்லை, பழமும் இல்லை, அருவிகளில் நீரும் குறைவு. ஜூலை, ஆகஸ்ட் ராஃப்டிங்குக்கும் அருவிக்கும் உரியவை. சிகரங்களை மேகம் மூடியிருக்கும். அக்டோபரில் மழை ஓய்ந்து புல்வெளிகள் பசுமையாக நிற்கும்; தீபாவளி விடுமுறையில் மலையேறத் தோதான காலம். தோட்டத்தில் பறிப்பும் களத்தில் காயும் கொட்டையும் தெளிந்த வானமும் ஒருசேர வேண்டுமென்றால், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் திட்டமிடுவதே சரி. தங்குமிடத்தை மட்டும் பல வாரம் முன்பே உறுதி செய்துவிட வேண்டும்.