குழந்தை நல்லா இருக்கு... அம்மா?

திருச்சி மலைக்கோட்டைக்குப் போயிருப்பீர்கள். உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கிற அவசரத்தில், வழியில் இருக்கும் தாயுமானவரை விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஏன் அந்தப் பெயர் தெரியுமா?

ரத்னாவதி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். துணைக்குக் கிளம்பி வந்த அம்மா, காவிரியில் வெள்ளம் என்று அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கோ இடுப்புவலி! ஈசனே அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்து, வெள்ளம் வடிகிற வரை கூடவே இருந்தாராம். அதனால் 'தாயும் ஆனவர்'. சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று இன்றும் பெண்கள் அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

கதையில் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளை பிறந்ததும் 'வந்த வேலை முடிந்தது' என்று அவர் கிளம்பிவிடவில்லை. நாம்தான் அங்கே கோட்டை விடுகிறோம்!

இப்படி ஒரு காட்சி. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு. திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து மகளும் பேரனும் வந்து மூன்று வாரம். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தொட்டிலைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். ''யார் ஜாடை?'', ''நல்லா பால் குடிக்கிறானா?'' பெற்றவள் மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பத்தியச் சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கிறது. குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் இல்லை. ''எதுக்குடி அழறே? தங்கமாட்டம் புள்ள பொறந்திருக்கான். கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடறேன்'' என்கிறாள் அம்மா.

சுற்றிப் போடுங்கள், தப்பில்லை. ஆனால், அதோடு விட்டுவிடாதீர்கள்!

அழுகையா, நோயா?

பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கும் சகஜம். ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் காரணம். இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அதைத் தாண்டியும் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, 'நான் நல்ல அம்மா இல்லையே' என்ற குற்ற உணர்ச்சி, குழந்தை மேலேயே ஒட்டுதல் இல்லாமை... இவை தொடர்ந்தால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அது திமிரும் அல்ல, சோம்பலும் அல்ல. காய்ச்சல் மாதிரி, சர்க்கரை மாதிரி அதுவும் ஒரு நோய்தான்.

யாருக்கு வருகிறது? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்களிடம் ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக இந்தச் சோர்வு வந்தவர்கள் 100-க்கு 11 பேர். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனஸ்தாபம், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை... இவைதான் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன.

பிரசவ அறையில் நடப்பது

வீட்டு விஷயங்கள் போதாதென்று, பிரசவமே சிலருக்கு மனக்காயம் ஆகிவிடுகிறது. இவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும்:

• 'சுகப்பிரசவம்தான்' என்று நம்பியிருந்து, கடைசி நேரத்தில் அவசரமாக சிசேரியன் ஆனவர்கள்.

• வெகுநேரம் வலியில் தவித்தவர்கள், ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுக்க வேண்டிவந்தவர்கள்.

• உதிரப்போக்கு அதிகமாகி ரத்தசோகையில் துவண்டவர்கள்.

• கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு ஏறியவர்கள்.

• குறைமாதத்தில் பிறந்து, குழந்தை இன்குபேட்டரில் இருக்க, வெறுங்கையோடு வார்டில் படுத்திருந்தவர்கள்.

• வலியில் கத்தியபோது ஏச்சுப் பேச்சு வாங்கியவர்கள்.

• ஏற்கெனவே ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்கள்.

சிசேரியன் ஆன எல்லோருக்கும் இது வரும் என்று பயப்படாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன்தான். திட்டமிட்ட ஆபரேஷனைவிட, எதிர்பாராமல் திடுதிப்பென்று நடப்பதுதான் மனசை அதிகம் உலுக்குகிறது. 'என்னால் ஒழுங்காகப் பெற்றுக்கொள்ளக்கூட முடியலையே' என்று அவள் மருகும்போது, ''அந்தக் காலத்துல நாங்க பத்துப் பெத்தோம்'' என்று ஆரம்பிக்காதீர்கள், ப்ளீஸ்!

துணை என்ற மருந்து

பிரசவ நேரத்தில் பக்கத்தில் ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே கொண்டுவந்தார்கள். 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் இதையே பரிந்துரைத்தது. முதுகைத் தடவிக்கொடுக்க, தண்ணீர் கொடுக்க, ''இன்னும் கொஞ்சம்தாண்டா கண்ணு'' என்று சொல்ல ஓர் ஆள்! அட்மிட் ஆகும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்? ராத்திரியில் ஒருமுறையாவது கணவரோ பாட்டியோ குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அவளைத் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூங்கவிடுங்கள். தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் குழந்தையின் எடையோடு தாயின் மனநிலையையும் சொல்லுங்கள். 1987-ல் எடின்பரோ பெயரில் உருவான 10 கேள்விகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. கடந்த 7 நாள் மனநிலையைக் கேட்டு, நோய் இருக்குமா என்று கோடி காட்டிவிடும். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கவுன்சலிங்கிலேயே தேறுபவர்கள் உண்டு. மாத்திரை தேவைப்பட்டாலும், தாய்ப்பாலை நிறுத்தாமலே சாப்பிடக்கூடியவை இருக்கின்றன. டாக்டரைக் கேட்காமல் நீங்களாக ஆரம்பிக்கவோ நிறுத்தவோ கூடாது.

'செத்துப்போயிடலாம்' என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ அவள் சொன்னாலும், சம்பந்தமில்லாமல் பேசினாலும், இல்லாத குரல் கேட்கிறது என்றாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அவளையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இரவு பகலாக இயங்குகிறது.

அடுத்தமுறை குழந்தை பார்க்கப் போகிறீர்களா? தொட்டிலுக்குப் போகும்முன் பெற்றவள் பக்கத்தில் இரண்டு நிமிஷம் உட்காருங்கள். ''நீ எப்படிம்மா இருக்கே? ராத்திரி தூங்கினியா?'' என்று கேளுங்கள். அவள் அழுதால் அழவிடுங்கள். மாமியாரோ, கணவரோ, பக்கத்து வீட்டுக்காரியோ... அந்த இரண்டு நிமிஷம் நீங்களும் தாயுமானவர்தான்!